மணிக்கு ஒரு தரம்

மின்மினி என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பேர். அவள் கைபட்ட வெப் பக்கத்தில் எதுவும் சும்மா கிடக்காது. பொத்தான் மினுங்கும், படம் மிதந்து வரும், சாதாரணக் கோடுகூட இடமிருந்து வலமாக நடந்து வந்துதான் நிற்கும். "ஒரு கட்டத்தையாவது சும்மா இருக்க விடேம்மா, தாயே" என்று டீம் தலைவர் கையெடுத்துக் கும்பிடுவார். கும்பிட்ட கையோடு அதையே வாடிக்கையாளரிடம் காட்டிச் சபாஷ் வாங்கிக்கொள்வார். அந்த மனுஷன் அப்படித்தான்.

மருத்துவமனை வேலை அவர்களுக்கு வந்தது அவளுடைய நாத்தனாரால். கணவனின் தங்கை. அந்த மருத்துவமனையில் மூன்றாம் மாடி வார்டில் பகல் நேர நர்ஸ். "எங்க அண்ணி செஞ்சா கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கும்" என்று போகிற வருகிற டாக்டரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே வாங்கிக் கொடுத்துவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையும் என்பார்கள் அல்லவா, இந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. இரண்டு பேரும் ஒரே கட்சி. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது அந்தக் கணவன்தான்.

வேலை இதுதான். வார்டில் இருபத்து நாலு படுக்கை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மணிப் பொத்தான். நோயாளி அதை அழுத்தினால், நர்ஸ் மேசைக்கு மேலே தொங்கும் திரையில் அந்தப் படுக்கையின் கட்டம் சிவக்க வேண்டும், டிங் என்று ஒரு சத்தம் வர வேண்டும். முன்பெல்லாம் கம்பி வழியே அடிக்கிற மணி இருந்தது. திரை வந்ததும், அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

"திரை உயிரோட்டமா இருக்கணும்" என்றார் பெரிய டாக்டர். மின்மினிக்குச் சொல்லவா வேண்டும்! கட்டத்தைச் சுற்றி ஒரு பச்சை ஒளி, நிழல்போல விரிந்து சுருங்கும்படி வைத்தாள். இருபத்து நாலு கட்டமும் மூச்சு விடுவதுபோல இருந்தது. அதற்கென்றே மூன்று நாள் உட்கார்ந்தாள். இரவில் நோயாளிகளின் கண்ணை உறுத்தக் கூடாது என்று மாலை ஏழு மணிக்கு ஒளி தானாகவே அணைந்து, விடிந்ததும் மறுபடி வரும்படியும் வைத்தாள். நல்ல மனசுதான், யார் இல்லையென்றார்கள்?

ஆபீஸில் தன் கம்ப்யூட்டரில், இரண்டு புதிய பிரவுசர்களில் ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியது. வார்டில் இருந்ததோ ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், அதற்குள் அதைவிடக் கிழட்டுப் பிரவுசர். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் பழைய மென்பொருள் அந்தப் பிரவுசரில்தான் திறக்கும், அதனால் யாரும் அதில் கை வைக்கவில்லை. மின்மினி அந்தப் பிரவுசரில் ஒரு தடவைகூடத் தன் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. இதையெல்லாம் இன்னமும் எவன் வைத்திருப்பான் என்ற நினைப்பு.

திரை மாட்டி இரண்டு வாரம் ஆகியிருக்கும். நாத்தனார் டியூட்டி முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க திரை இருக்கே, அதோட கம்ப்யூட்டர் ஏரோப்ளேன் மாதிரி இரையுது. கை வெச்சா சுடுது."

"கிழட்டு மெஷின்டீ. அப்படித்தான் முனகும்."

"முனகினாப் பரவாயில்லையே. காலைல சரியா இருக்கு, போகப் போக மந்தமாகுது. ராத்திரி டியூட்டிக்காரங்களுக்குத் தொல்லையே இல்லையாம். இன்னிக்கு எட்டாம் நம்பர் அம்மா தண்ணி கேட்டு மணி அடிச்சிருக்காங்க. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கட்டம் சிவக்குது. என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க."

"எங்க ஆபீஸ்ல நல்லாத்தான் ஓடுது."

"நான் உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கலையே, அண்ணி!"

கணவனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மின்மினியும் சிரித்தாள். நாத்தனார் மட்டும் சிரிக்காமல், "நாளைக்குப் புகார் நோட்டுல எழுதிடட்டுமா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டதும் மின்மினி சிரிப்பை நிறுத்தினாள். அந்த மாதம்தான் அவளைச் சீனியர் ஆக்குவது பற்றி மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. புகார் நோட்டில் ஏறினால் அது தலைவருக்கு வரும், தலைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவார்.

"எழுத்துல மட்டும் போட்டுடாதடீ. எனக்குப் பேரு கெட்டுடும். நமக்குள்ளயே முடிச்சுக்கலாம். ஒரு வாரம் குடு, நானே பாத்துடறேன்."

"அதுவரைக்கும்?"

"மணிக்கு ஒரு தரம் பக்கத்தைப் புதுப்பிச்சுடு. மேல் வரிசையில சுத்துற அம்புக்குறி போட்ட பொத்தான்தான். அமுக்கினா தேங்கினதெல்லாம் போயிடும்."

"எனக்கு எங்க அண்ணி ஞாபகம் இருக்கும்? இருபத்து நாலு படுக்கை!"

"போனைக் குடு." மின்மினியே அதை வாங்கி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை மணிக்கு ஒன்றாகப் பதினோரு அலாரம் வைத்தாள். அலாரத்துக்குப் பேர் கேட்டது போன். நாத்தனார் எட்டிப் பார்த்து, 'அண்ணி சொன்னது' என்று தட்டினாள். இரண்டு பேரும் அதற்கு ஒரு மூச்சு சிரித்தார்கள்.

அந்த ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. மின்மினிக்குத் தலைக்கு மேல் வேலை. நாத்தனாரும் ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டு ஓட்டினாள். அவள் லீவு போட்ட நாட்களில் கட்டங்கள் தாமதமாகத்தான் சிவந்திருக்கும். மற்ற நர்ஸ்கள், இந்த நோயாளிகளுக்குப் பொறுமையே இல்லை என்று அலுத்துக்கொண்டதோடு சரி. வீட்டில் பார்க்கும்போதெல்லாம் "அண்ணி, அது?" என்பாள் நாத்தனார். "இந்த வாரம் கட்டாயம்டீ" என்பாள் இவள். நாலாவது வாரம் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட வேலை பார்க்கும் நர்ஸ் லீவு. நாத்தனார் தனி ஆள். ஒன்பது மணி அலாரம் அடித்தபோது டாக்டர்கள் கூட்டமாக வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் கோப்புகளைச் சுமந்துகொண்டு நடந்தாள். போனதும் அமுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பத்து மணி அலாரம் அடித்தபோது ஆறாம் படுக்கைக்காரர் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் அவர் தலை, ஒரு கையில் பாத்திரம். சட்டைப் பையில் போன் துடித்து ஓய்ந்தது.

பதினாலாம் படுக்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். இதயக் கோளாறு. நாத்தனாரின் வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், "இதை எந்தப் பாவி தைச்சான்? தோள் ரெண்டும் ரெண்டு ஊர்ல நிக்குது. வீட்டுக்குப் போனதும் பிரிச்சுத் தைச்சுத் தரேன், கொண்டு வாம்மா" என்பார். அவர் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பத்து பன்னிரண்டுக்கு அவர் பொத்தானை அழுத்தினார்.

திரையில் பதினாலாம் கட்டம் பச்சையாக, அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பத்து இருபத்து மூன்றுக்குச் சிவந்தது. நாத்தனார் ஓடிப் போய்ப் பார்த்தபோது, அவர் பொத்தானைப் பிடித்தபடியே போயிருந்தார்.

மணி அழுத்தப்பட்ட நேரத்தை மருத்துவமனையின் சர்வர் நொடி பிசகாமல் எழுதி வைத்திருந்தது. நர்ஸ் படுக்கை அருகே போன நேரம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. நடுவில் பதினோரு நிமிடம். கட்டம் எப்போது சிவந்தது என்பதை எழுதி வைக்கத்தான் எங்கேயும் இடம் இல்லை. மின்மினி அதற்கு இடம் வைக்கவில்லை. விசாரணை என்றார்கள். நாத்தனாரின் பதினாறு வருட வேலை அந்தப் பதினோரு நிமிடத்தில் தொங்கியது.

மறுநாள் காலை மின்மினி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் சொன்னது கொஞ்சம்கூட மிகை இல்லை. மேசையே அதிர்ந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுகொண்டு மூச்சு வாங்கியது. அதே கம்ப்யூட்டரில் வேறொரு புதிய பிரவுசரை ஏற்றித் திறந்தாள், நாற்பது. இன்னொன்றில் அறுபது. மறுபடியும் அந்தக் கிழட்டுப் பிரவுசரில் திறந்தாள், தொண்ணூற்றெட்டு. மூன்று எண்களையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு பக்கத்தில் இருந்த ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். கடிகாரத்தை அணைத்தாள், மாற்றம் இல்லை. டிங் சத்தத்தை அணைத்தாள், மாற்றம் இல்லை. பச்சை ஒளியை அணைத்தாள். தொண்ணூற்றெட்டு சரசரவென்று இறங்கி ஆறில் போய் நின்றது.

அவ்வளவுதான் விஷயம். நிழலை விரிப்பதும் சுருக்குவதும் பார்க்க ஒன்றுமில்லைபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் கம்ப்யூட்டர் அந்த நிழலை அழித்துப் புதிதாக வரைய வேண்டும். நொடிக்கு அறுபது தரம், இருபத்து நாலு கட்டத்துக்கும். புதிய கம்ப்யூட்டரில் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளத் தனிச் சில்லு உண்டு. இந்தக் கிழட்டு மெஷினில், அதுவும் அந்தக் கிழட்டுப் பிரவுசரில், எல்லாம் பிராசசர் தலையில்தான். அது விழுந்து விழுந்து நிழல் வரைந்துகொண்டிருந்தது. படுக்கைகளிலிருந்து வந்த செய்திகள் பின்னால் வரிசையில் காத்துக் கிடந்தன. அந்த வரிசையில்தான் தையல்காரரும் பதினோரு நிமிடம் நின்றார். இரவில் தொல்லை இல்லையே, ஏழு மணிக்கு ஒளி அணைகிறதே, இதை யோசித்திருந்தால் ஐந்து வாரத்துக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம். பாவி, யோசிக்கவில்லை.

மீதி இருபத்து மூன்று படுக்கையிலும் ஆட்கள் இருந்தார்கள். அதை அப்படியே விட்டுவைக்க முடியாது. நிழலைத் தூக்கிவிட்டு அசையாத பச்சைக் கோடு ஒன்றைப் போட்டாள். பத்து நிமிட வேலை. இரைச்சல் சட்டென்று நின்றது. மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த புது நர்ஸ் நின்று, "அப்பாடா, இப்பத்தான் காது கேக்குது" என்றாள். மின்மினி கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள்.

தலைவர் போனில் கேட்டார். "இப்ப எவ்வளவு நேரத்துல சிவக்குது?"

"உடனே. ஆனா நேத்து வரைக்கும்..."

"நேத்தைப் பத்தி யாரு கேட்டா? திரையைச் சோதிச்சோம், அழுத்தின ஒரு நொடியில சிவக்குதுன்னு எழுது. பொய்யா அது?"

"பொய் இல்ல சார்."

"அப்பறம் என்ன? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா வாயைக் குடுத்து மாட்டிக்காதே."

வீட்டில் கணவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன்" என்றான்.

"நல்லாத் தப்பிச்சுக்கிட்டீங்க."

"அவ என் தங்கச்சி. நீ என் பொண்டாட்டி. நான் எங்க போய்த் தப்பிக்கறது?"

அவள் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். இதை நம்பித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அந்த நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இவங்க என்கிட்ட சொன்னாங்க சார், நான்தான் எழுத வேண்டாம்னேன். சின்ன வாக்கியம்தான்.

கூட்ட அறையில் நீள மேசை. ஒரு தலையில் பெரிய டாக்டர், பக்கத்தில் தலைமை நர்ஸ். ஒரு பக்கத்தில் நாத்தனார், கோட்டுப் போடாமல் சாதாரண உடுப்பில். மூலையில் தையல்காரரின் மனைவி, அவருடைய மூக்குக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு. நாத்தனாருக்கு எதிரே, மேசையின் மறுபக்கத்தில் மின்மினியும் தலைவரும்.

"திரை காட்டல சார்" என்றாள் நாத்தனார். "பத்து இருபத்து மூணுக்குத்தான் சிவந்துச்சு. சிவந்த அடுத்த நிமிஷம் நான் ஓடினேன்."

தலைவர் அறிக்கையைப் படித்தார். சோதிக்கப்பட்டது, ஒரு நொடியில் சிவக்கிறது. தலைமை நர்ஸ் தலையை ஆட்டிக்கொண்டாள். "நானும் இன்னிக்குக் காலைல அழுத்திப் பார்த்தேன். டக்குன்னு வருது."

பெரிய டாக்டர் மின்மினி பக்கம் திரும்பினார். "இதைச் செஞ்சது நீங்கதானே? இதுக்கு முன்னாடி இந்தத் திரை மெதுவா இருக்குன்னு யாராவது புகார் சொல்லியிருக்காங்களா?"

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நாத்தனாரும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அண்ணி சொல்லிவிடுவாள் என்ற நிம்மதிதான் இருந்தது. மின்மினி வாயைத் திறந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"எழுத்துல எதுவும் வரல சார்" என்றாள்.

பெரிய டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். மூலையிலிருந்து தையல்காரரின் மனைவி, யாரையும் பார்க்காமல், "அப்ப அவரு கூப்பிட்டிருக்காரு. அது உடனே சிவந்திருக்கு. யாரும் போகல" என்றாள். அவள் அழக்கூட இல்லை.

அப்போதுதான் நாத்தனாரின் போன் அடித்தது. பதினோரு மணி. மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர, திரையில் பெரிய எழுத்தில் 'அண்ணி சொன்னது' என்று வந்து நின்றது. எதிரே இருந்த மின்மினிக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. நாத்தனார் கையால் மூடி அணைத்தாள்.

"என்னம்மா அது?" என்றார் பெரிய டாக்டர் எரிச்சலோடு. "டியூட்டி நேரத்துல இதுதான் அடிச்சிட்டிருக்குமா?"

நாத்தனார் மின்மினியைப் பார்த்தாள். நன்றாகவே நேரம் கொடுத்தாள். அந்த நேரத்தில் மின்மினி எழுந்து நின்றிருக்கலாம். எழுந்திருக்கக்கூட வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். தலைவர் மேசைக்கு அடியில் தன் செருப்பால் அவள் செருப்பை லேசாக இடித்தார். அவள் குனிந்து தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். உள்ளே நோட்டு இருந்தது.

"மருந்து வேளைக்கு வெச்சது சார்" என்றாள் நாத்தனார். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

முடிவு சொல்ல முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கவனக்குறைவு. வேலையிலிருந்து நீக்கம். நர்ஸாகவே இனி இருக்கலாமா என்பதை நர்ஸிங் கவுன்சில் தீர்மானிக்கும், அதற்குக் கடிதம் போகும். தலைவர் வெளியே வந்ததும் மின்மினியின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, "சீனியர் விஷயம் திங்கட்கிழமை பேசிடலாம்" என்று சொல்லிக்கொண்டே லிஃப்டில் ஏறினார்.

தாழ்வாரத்தில் நாத்தனார் அலமாரிச் சாவியைத் தலைமை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதில் தோள் கோணலான அந்தக் கோட்டு.

"நான் சொல்லணும்னுதான் வந்தேன்" என்றாள் மின்மினி. "சத்தியமாடீ. வாய்ல வந்துச்சு..."

"தெரியும் அண்ணி. பார்த்தேன்."

"நீ ஏன் சொல்லல? நீயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். நான் சொன்னா அது போட்டுக் குடுக்கறது. நீங்க சொன்னாத்தான் அது உண்மை."

மின்மினி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் நாத்தனாரின் போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மணி. நாத்தனார் அதை அணைக்காமல், அடிக்கிற போனை அப்படியே இவளிடம் நீட்டினாள்.

"இதை எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீங்கதானே வெச்சுக் குடுத்தீங்க. எடுத்துக் குடுத்துடுங்க."

மின்மினி வாங்கினாள். ஒன்பது மணி அலாரத்தை அழுத்தினாள். 'அண்ணி சொன்னது: இதை நீக்கலாமா?' என்று கேட்டது போன். நீக்கு என்று அழுத்தினாள். பத்து மணி. நீக்கலாமா? நீக்கு. ஒவ்வொன்றுக்கும் அது அதே கேள்வியைக் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் அவள் அதே பதிலைச் சொன்னாள். அவளையும் அந்த ஐந்து வாரத்தையும் சேர்த்துக் காட்ட உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பதினோரு வரிதான். அது அவளுக்கும் தெரியும், எதிரே நிற்பவளுக்கும் தெரியும். நாலு மணிக்கு வந்தபோது விரல் நின்றது. நாத்தனார் அவசரப்படுத்தவில்லை. விரல் மறுபடியும் நகர்ந்தது.

ஏழு மணியையும் நீக்கிவிட்டு, வெறுமையாகிவிட்ட பட்டியலோடு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நாத்தனார் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள். பிறகு லிஃப்டுக்கு நிற்காமல் படி வழியாகவே மூன்று மாடியும் இறங்கிப் போனாள்.